அது என் கையெழுத்து இல்லை

14-6-1993, திங்கள்

இன்று செங்கல் லாரி வரவில்லை. மேஸ்திரியும் வரவில்லை. சிமெண்ட் மூட்டைக்கும் கம்பிக்கும் நான் காவல், எனக்குக் காக்காய் காவல். சும்மா இருக்கிற நேரத்தில் எழுதச் சொல்லியிருக்கிறார் தனசிங் சார். ரேஷன் கடைத் தாழ்வாரத்தில் சாயங்காலம் முதியோர் வகுப்பு எடுக்கிறவர். தினம் ஒரு வரியாவது எழுத வேண்டுமாம், இல்லாவிட்டால் கற்றுக்கொண்டது வந்த வழியே போய்விடுமாம். இருக்கலாம். அறுபத்தாறு வருஷம் வராமல் இருந்ததுதானே.

இந்த டைரி கட்டடச் சொந்தக்காரர் ஜெயவேலு கொடுத்தது. சிமெண்ட் கம்பெனியில் அவருக்கு மூன்று கொடுத்தார்களாம். ஜனவரியிலிருந்து நேற்று வரைக்கும் பக்கம் காலி. அப்போது எனக்கு என் பேர் மட்டும்தான் வரும்.

ஒரு பக்கம் எழுத அரை நாள் ஆகிறது. வலது கை ஆள்காட்டி விரல் மடங்காது. பம்மல் குவாரியில் கல் உருண்டு நசுக்கியது. அறுபத்தொன்று, சித்திரை மாதம், செவ்வாய்க்கிழமை. பக்கத்தில் யார் யார் நின்றார்கள், யார் தண்ணீர் கொண்டுவந்தார்கள், எல்லாம் சொல்வேன். எழுதத் தெரியாதவன் எதையும் எங்கேயும் இறக்கி வைக்க முடியாது. தலையிலேயே சுமக்க வேண்டியதுதான்.

17-6-1993

பேத்தி ஜெசிந்தா பள்ளிக்கூடத்து ஹேண்ட்புக்கை நீட்டினாள். நீல அட்டை. வருஷத்துக்கு ஒரு புதுசு. முதல் பக்கத்தில் பாதுகாவலர் கையொப்பம் என்று ஒரு கோடு.

அவள் அம்மா, என் மகள் ஞானம்மாள், மஞ்சள் காமாலையில் போனபோது இவளுக்கு ஆறு வயசு. அப்பன் பம்பாய்க்கு வேலைக்குப் போனவன் போனவன்தான். அன்றிலிருந்து பள்ளிக்கூடத்துக் காகிதத்தில் எல்லாம் பாதுகாவலர் நான். நான் என்றால் என் கட்டைவிரல்.

இந்த வருஷம் மை டப்பா வேண்டாம் என்றேன். சவுரிமுத்து என்று போட்டேன். உலை கொதிக்கிற நேரம் ஆயிற்று. ‘அவசரப்படாத தாத்தா, கோடு எங்கியும் போவாது’ என்றாள். போட்டு முடித்ததும் எட்டத்தில் பிடித்துப் பார்த்தாள். பிறகு பக்கத்து வீட்டுக் கிளியம்மாளிடம் கொண்டுபோய்க் காட்டினாள். கிளியம்மாள் சும்மா இருப்பாளா. ‘இன்னா தாத்தா, இனிமே பேங்குல அக்கவுண்டு, செக்கு புக்கு எல்லாம் வச்சிக்குவியா?’

இன்று நன்றாகச் சாப்பிட்டேன்.

22-6-1993

ஹேண்ட்புக்கின் முன்பக்கங்களில் விதிகள் இருக்கின்றன. மொத்தம் நாற்பத்தொன்று. ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் தினம் இரண்டு விதி படிக்கிறேன். முழுசாக நான் படிக்கிற முதல் புத்தகம் இதுதான்.

இரட்டைப் பின்னல், கறுப்பு ரிப்பன். பூ, கண்ணாடி வளையல் கூடாது. காலை எட்டு நாற்பதுக்குக் கேட் மூடப்படும். ஒரு மாதத்தில் மூன்று முறை தாமதமானால் பாதுகாவலர் நேரில் வர வேண்டும். நேரில் வருகிற பாதுகாவலர் தகுந்த உடையில் வர வேண்டும்.

இது எனக்குப் படிக்காமலே தெரியும். போன தை மாதம் பெற்றோர் கூட்டம் என்று சொன்னார்கள். சைட்டிலிருந்து நேராக லுங்கியோடு போய்விட்டேன். வாட்ச்மேன் உள்ளே விடவில்லை. கூட்டம் முடிகிற வரை வெளியே சுவரோரம் நின்றுவிட்டு, நேரமாகிவிட்டது, வர முடியவில்லை என்று ஜெசிந்தாவிடம் பொய் சொன்னேன். அவளும் சரி என்றாள்.

2-7-1993

இருபத்துமூன்றாம் விதி கொஞ்சம் நீளம். உரக்கப் படித்தேன். பெற்றோர் அல்லது பாதுகாவலரின் கையொப்பத்தை மாணவியே இடுவது பள்ளியை விட்டு நீக்கத்தக்க குற்றம். ‘நீக்கத்தக்க’ மூன்று தடவை தடுக்கியது. ஜெசிந்தா திருத்துவாள் என்று பார்த்தேன். சட்னி அரைத்துக்கொண்டிருந்தவள் தலை நிமிரவில்லை. தூக்கக் கலக்கம் போலிருக்கிறது. தண்ணீர் லாரிக்காக விடியற்காலையிலிருந்து குடத்தோடு வரிசையில் நிற்கிறாள். நான் ஆறு மணிக்கெல்லாம் சைட்டுக்கு வந்து ராத்திரிக் காவல்காரனை மாற்றி விட வேண்டும். வேறு யார் நிற்பது?

19-7-1993

கணக்கில் முப்பத்தொன்று. முப்பத்தைந்து வேண்டும். மற்றதெல்லாம் பாஸ். மார்க் பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன். இந்தத் தடவை சோறு வேகிற நேரம் ஆகவில்லை.

பத்தாவது பாஸ் பண்ணினால் நர்ஸ் உதவியாளுக்குச் சேர்க்கிறார்களாம், தாம்பரத்தில். அவளாக விசாரித்து வைத்திருக்கிறாள்.

27-7-1993

நாளைக்குப் பாதுகாவலர் வர வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். என்னத்துக்கு என்று கேட்டேன். ‘உன் கையெழுத்த நம்ப மாட்டேங்கறாங்க தாத்தா. நீ ரேகைக்காரன்னு அவங்க கார்டுல இருக்குதாம்’ என்றாள். அவ்வளவுதானா என்று சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

வேட்டியைத் துவைத்துப் போட்டிருக்கிறேன்.

28-7-1993, புதன்

எப்படி எழுதுவது. வரிசையாக எழுதுகிறேன்.

ஜெயவேலுவிடம் அரை நாள் லீவு கேட்டேன். வாட்ச்மேன் முதலில் என் இடுப்பைத்தான் பார்த்தான். வேட்டி. விட்டுவிட்டான். பெரிய டீச்சர் அறை வாசலில் பலகை. சா-மு-ண்-டீ-ஸ்-வ-ரி. நின்று முழுசாகப் படித்துவிட்டுத்தான் உள்ளே போனேன். பெருமைதான். இல்லை என்று சொல்ல மாட்டேன்.

உள்ளே பெரிய டீச்சர், வகுப்பு டீச்சர் சாராள், சுவரோரம் ஜெசிந்தா. மேஜைமேல் அவள் ஆறாம் வகுப்பில் சேர்ந்தபோது எழுதிய அட்டை, அதில் என் கட்டைவிரல். பக்கத்தில் ஹேண்ட்புக். அட்டையில் எழுதப் படிக்கத் தெரியாதவர் என்று இருக்கிறதே, இதில் கையெழுத்து இருக்கிறதே, யார் போட்டது என்று பெரிய டீச்சர் கேட்டார். நான்தான் என்றேன். ஒரு வெள்ளைத்தாளைத் தள்ளினார்.

மை பேனா. எனக்குப் பால்பாயிண்ட்தான் பழக்கம். குனிந்து நின்றே போட்டேன். மேலே ஃபேன் கிறீச் கிறீச் என்றது. கடைசி ‘து’வைப் போட்டுவிட்டு நிமிர்ந்தேன், இடுப்பு பிடித்துக்கொண்டது. பெரிய டீச்சர் இரண்டையும் வைத்துப் பார்த்தார். எப்போது கற்றுக்கொண்டேன் என்று கேட்டார். போன வருஷம் என்றேன். முகம் மாறிவிட்டது அந்த அம்மாவுக்கு. ‘பரவாயில்லையே. சாராள், நம்ம பொண்ணுங்களுக்கு இவரைக் காட்டணும்’ என்றார். உட்காரச் சொன்னார்.

உட்கார்ந்தேன். ஒரு பள்ளிக்கூடத்தில் என்னை உட்காரச் சொன்னது அதுதான் முதல் தடவை.

அப்போதே எழுந்து வந்திருக்கலாம்.

சாராள் டீச்சர் ஹேண்ட்புக்கில் மூன்று இடத்தைத் திருப்பிக் காட்டினார். ‘மூணும் உங்க கையெழுத்துதானே பெரியவரே? ஒரு தடவை பாத்துட்டு சொல்லிட்டீங்கன்னா முடிஞ்சுது.’

பார்த்தேன். நிதானமாகப் பார்த்தேன். சொந்தக் கோழி அடையாளம் தெரியாதா? முதல் பக்கம், என்னுது. மார்க் பக்கம், என்னுது. நடுவில் ஒன்று, பேர் என் பேர்தான், ஆனால்—

‘இது என் கையெழுத்து இல்லம்மா’ என்றேன்.

ஏன் என்று யாரும் கேட்கவில்லை. நானாகவே சொன்னேன். எனக்கு இந்த விரல் மடங்காது, ‘ரி’ போட்டால் சுழி கீழே விழுந்துவிடும், இதில் நேராக நிற்கிறது பாருங்கள் என்று விரலை வைத்துக் காட்டினேன். சாராள் டீச்சர் கண்ணை மூடித் திறந்தார். அப்புறம்தான் சுவர்ப்பக்கம் பார்த்தேன்.

ஜெசிந்தா என் முகத்தைப் பார்க்கவில்லை. அந்தப் பக்கத்தில் நான் வைத்திருந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெரிய டீச்சர் அந்தப் பக்கத்தில் இருந்ததை என்னையே படிக்கச் சொன்னார். இருபத்தைந்து ஆறு. மாணவி இம்மாதம் மூன்று முறை தாமதமாக வந்துள்ளார், பாதுகாவலர் நேரில் வரவும். அடியில் என் பேர். பார்த்தேன் என்று. நான் பார்க்கவே இல்லை.

அந்த அம்மா சத்தம் போடவில்லை. இரண்டு வாரம் வகுப்புக்கு வர வேண்டாம், பிறகு முடிவு சொல்கிறோம் என்றார். ‘விதியெல்லாம் அச்சடிச்சுதான் குடுத்திருக்கோம். நீங்களே படிச்சிருப்பீங்க.’

படிச்சேன்மா என்றேன். அதையும் சொன்னேன்.

29-7-1993

ஆமாம் என்று ஏன் சொல்லவில்லை.

30-7-1993

ஆமாம் என்று ஏன் சொல்லவில்லை.

1-8-1993, ஞாயிறு

பூசைக்கு அவள் வரவில்லை. நானும் போகவில்லை. தண்ணீர் வரிசையில் நான் நின்றேன். கிளியம்மாளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. அவளுக்கு முதலிலிருந்தே தெரியுமாம்.

‘அன்னிக்கு நீ கேட்டாண்ட லுங்கியோட நின்னுகினு இருந்தத அது மாடிலேந்து பாத்துகினு இருந்துச்சு. கூட நாலு பொண்ணுங்க யாருடி அந்தக் கெழம்னு சிரிச்சிகினு இருந்துச்சுங்க. தெரியாதுன்னு சொல்லிட்டு வூட்டுக்கு வந்து எங்கிட்ட அழுதுச்சு. மறுபடியும் உன்னை அங்க நிக்க வைக்கக் கூடாதுன்னுதான் இத்தப் போட்டுச்சு. ஆமான்னு ஒரு வார்த்த. சொல்லியிருந்தா நாக்கு இன்னா தேஞ்சா பூடும்?’

வரிசையில் இருந்தவர்கள் எல்லாரும் கேட்டார்கள்.

தாமதமானதும் இந்தத் தண்ணீருக்காகத்தான். அதை அந்த அறையில் நான் சொல்லவே இல்லை. விரலைப் பற்றிச் சொன்னேன்.

3-8-1993

ஜெசிந்தா கோபமாக இருந்தால் தேவலை. சோறு போடுகிறாள், துணி துவைக்கிறாள், கேட்டதற்குப் பதில் சொல்கிறாள். இன்று நானே பேச்சைத் தொடங்கினேன். எனக்கு எப்படித் தெரியும், நீ ஒரு வார்த்தை சொல்லி வைத்திருக்கலாமே என்றேன். தட்டை எடுத்துக்கொண்டே சொன்னாள்.

‘நீ படிக்காமலே இருந்திருக்கலாம்.’

இரைந்து சொல்லவில்லை. உப்பு கம்மி என்று சொல்கிற மாதிரி சொன்னாள்.

8-8-1993, ஞாயிறு

சேலையூரில் சாராள் டீச்சர் வீட்டைக் கண்டுபிடித்துப் போனேன். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். அம்மா, அன்றைக்குக் கண் சரியாகத் தெரியவில்லை, அதுவும் என்னுதுதான். அம்மா, அன்றைக்குக் கண் சரியாகத் தெரியவில்லை.

சொன்னேன். நாற்காலி போட்டு, காப்பி கொடுத்தார். நல்ல மாதிரி. அதனால்தான் இன்னும் வலிக்கிறது.

‘பெரியவரே, அந்தக் கையெழுத்தப் பாத்த அன்னைக்கே எனக்குத் தெரியும் அது அவ போட்டதுன்னு. மூணையும் உங்ககிட்ட கேட்டு முடிச்சிடுங்கன்னு எச்.எம். சொன்னாங்க. நீங்க தலையாட்டியிருந்தா போதும். இருபது வருஷமா கேக்கறேன். எல்லா அப்பா அம்மாவும் ஆமான்னுதான் சொல்வாங்க. நான் மூடி வச்சிடுவேன்.’

எல்லாரும் ஆமாம் என்றுதான் சொல்வார்களாம். பாங்கில் இருக்கிறவன், ஆபீசில் இருக்கிறவன், கடை வைத்திருக்கிறவன் எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. விதிக்குள்ளே ஒரு வழி இருக்கிறது என்று. அது நாற்பத்தொன்றில் அச்சடிக்கவில்லை.

குவாரியில் கல்லுக்கு ரேகை பார்த்து அடிப்போம். ரேகையில் அடித்தால் அலுங்காமல் பிளக்கும், மாற்றி அடித்தால் சில்லு கண்ணில் தெறிக்கும். முப்பத்தெட்டு வருஷம் ஒரு தடவையும் தப்பியதில்லை. அந்த அம்மா கேட்ட கேள்வியிலும் ரேகை இருந்திருக்கிறது. நான்தான் குருட்டுத்தனமாக அடித்தேன்.

இப்போது மாற்றிச் சொன்னால் ஆகுமா என்று கேட்டேன். எச்.எம். எழுதி வைத்துவிட்டார், இனிமேல் தன் கையில் இல்லை என்றார். காப்பியைக் குடித்துவிட்டுத்தான் வந்தேன். வைத்துவிட்டு வந்தால் மரியாதையாக இருக்காது.

16-8-1993

மறுபடி சேர்த்துக்கொண்டார்கள். கடைசி பெஞ்சில் தனியாக. தண்ணீருக்கு இனி நான். ராத்திரிக் காவல்காரன் சிட்டிபாபு ஒரு மணி நேரம் கூட இருக்கிறேன் என்றான். இத்தனை நாளும் அவனிடம் கேட்டிருக்கலாம். கேட்கவே இல்லை.

எட்டேகாலுக்கே பள்ளிக்கூடத்தில் இருக்கிறாள்.

24-9-1993

காலாண்டில் கணக்கு முப்பத்துமூன்று. இரண்டு மார்க். இன்னும் ஆறு மாசம் இருக்கிறது, இரண்டு மார்க் வராதா?

வகுப்பில் யாரும் அவளிடம் பேசுவதில்லையாம். கிளியம்மாள் சொன்னாள். என்னிடம் அவள் ஒன்றும் சொல்வதில்லை. தாத்தா என்று கூப்பிடுவதை விட்டுவிட்டாள். ‘சாப்பாடு வெச்சிட்டேன்’ என்பாள், பொதுவாக, காற்றைப் பார்த்து.

6-10-1993, புதன்

கூப்பிட்டார்கள். போனேன்.

பொதுப் பரீட்சைக்குப் பேர் அனுப்ப வேண்டிய நேரமாம். போன வருஷம் இந்தப் பள்ளிக்கூடத்தில் எல்லாரும் பாஸாம். ஜெசிந்தாவுக்குக் கணக்கும் வரவில்லை, இந்தக் குற்றமும் இருக்கிறது, டி.சி. வாங்கிக்கொண்டால் அவளுக்கே நல்லது என்றார் பெரிய டீச்சர். நாங்களாக நீக்கினால் நடத்தை திருப்தியில்லை என்று எழுத வேண்டிவரும். நீங்களாகக் கேட்டால் நன்று என்று எழுதுவோம். விதிப்படி பாதுகாவலர் எழுதிக் கேட்டால்தான் டி.சி. கொடுக்க முடியும்.

காலில் விழப் போனேன். ஐயோ பெரியவரே என்று எழுந்து நின்றுவிட்டார். தண்ணீர் லாரியைச் சொன்னேன். லுங்கியைச் சொன்னேன். அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டியதெல்லாம் இன்றைக்கு வாயில் வந்தது. அந்த அம்மா கேட்டுக்கொண்டார், குறுக்கே பேசவில்லை. பிறகு தாளை எடுத்து வைத்தார்.

யாரையாவது எழுதச் சொல்லட்டுமா என்று கிளார்க் கேட்டார். ‘வேணாம், இவருக்கே எழுத வரும்’ என்றார் பெரிய டீச்சர். நல்ல மனசோடுதான் சொன்னார். எனக்குத் தெரியும்.

மாதிரிக் கடிதம் ஒன்றைப் பக்கத்தில் வைத்தார்கள். பார்த்து எழுதினேன். என் பேத்தி செல்வி ஜெசிந்தாவை எனது சொந்த விருப்பத்தின் பேரில் இப்பள்ளியிலிருந்து நிறுத்திக்கொள்கிறேன். சொந்த விருப்பத்தின் பேரில். அந்த இடத்தில் பேனா நின்றது. நின்றால் என்ன, மறுபடி ஓடியது. இரண்டாவது பீரியட் மணி அடித்தபோது தொடங்கினேன், மூன்றாவது மணிக்கு முடித்தேன். என் ஆயுசில் நான் எழுதிய பெரிய கடிதம்.

கையெழுத்துப் போட்டேன். யாரும் சரிபார்க்கவில்லை.

7-10-1993

இன்னாத்துக்கு எழுதின, சவுரிமுத்து. எழுத வராதுன்னு சொல்லித் தொலைய வேண்டியதுதானே. வெரலு வலிக்குதுன்னு சொல்ல வேண்டியதுதானே. எழுதச் சொன்னா எழுதிடுவியா, படிக்கச் சொன்னா படிச்சிடுவியா, கெழட்டு முண்டமே.

21-10-1993

தாம்பரத்தில் மூன்று பள்ளிக்கூடம் போய்வந்தோம். நடத்தை நன்று என்று இருக்கிறதே என்றேன். நன்று என்றால் ஏன் அக்டோபரில் அனுப்பினார்கள் என்று ஒருத்தர் திருப்பிக் கேட்டார். கவர்மெண்ட் பள்ளிக்கூடத்து சார் மட்டும் உட்கார வைத்துப் பேசினார். பத்தாவது பேர்ப் பட்டியல் போய்விட்டது, ஜூனில் வாங்க, மறுபடி பத்தாவதே சேர்க்கிறேன் என்றார்.

ஜூனில் சேரலாமா என்று பஸ்ஸில் கேட்டேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கேம்ப் ரோடு வந்ததும், ‘எனக்கு வேணாம், இனிமே எதுலயும் யார் கையெழுத்தும் வேணாம்’ என்றாள்.

10-11-1993

மழை. அவளுக்கு இன்றோடு பதினைந்து முடிந்தது. எழுபத்தெட்டில் இதே ஐப்பசி, வெள்ளிக்கிழமை, விடியற்காலை நாலு மணி, இதே மாதிரி மழை. ஞானம்மாளை ரிக்‌ஷாவில் கொண்டுபோனோம். மிதித்தவன் பேர் வேதாசலம்.

எல்லாம் ஞாபகம் இருக்கிறது. என்ன புண்ணியம்.

12-12-1993, ஞாயிறு

தனசிங் சார் வீட்டுக்கே வந்துவிட்டார். நான்கு மாதமாக வகுப்புக்கு வரவில்லையே என்று. பாவம், அவருக்கு ஒன்றும் தெரியாது. தை மாதம் விழா வைக்கிறார்களாம், பெரிய அதிகாரி வருகிறாராம். அறுபதுக்கு மேல் கற்றுக்கொண்ட ஒருத்தர் மேடையில் பேர் எழுதிக் காட்டினால் மற்றவர்களுக்கு ஆசை வரும், உங்களைத்தான் நினைத்திருக்கிறேன் என்றார்.

ஜெசிந்தா முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

உடம்பு முடியவில்லை சார் என்றேன். முகம் வாடிப் போய்விட்டது அவருக்கு.

டைரியில் இன்னும் கொஞ்சம் பக்கம்தான். அப்புறம் ஜனவரிப் பக்கங்கள் காலியாக இருக்கின்றன.

6-1-1994

போன வருஷத்து ஜனவரியில் எழுதுகிறேன். கிழமை ஒத்துப்போகவில்லை.

அவள் பகலெல்லாம் படுத்திருக்கிறாள். புத்தகங்களைக் கட்டி பரண்மேல் போட்டுவிட்டாள். கணக்குப் புத்தகம் மட்டும் நேற்று கீழே கிடந்தது. நான் எடுத்துப் பார்க்கிறதைப் பார்த்துவிட்டு, அதையும் மேலே போட்டுவிட்டாள்.

17-2-1994

கிளியம்மாளின் நாத்தனார் மகள் தாம்பரம் சானடோரியம் பக்கம் ஒரு தையல் கம்பெனியில் இருக்கிறாள். ஆள் எடுக்கிறார்களாம். சும்மா கிடந்தால் பொண்ணுக்குப் புத்தி கெட்டுப் போய்விடும் என்கிறாள் கிளியம்மாள். போறேன் என்று ஜெசிந்தா உள்ளேயிருந்து சொன்னாள்.

9-3-1994, புதன்

இன்று கம்பெனிக்குப் போனோம். கார்டியன் வந்து சொல்ல வேண்டும், அதுதான் அவர்கள் விதி. டி.சி.யைக் கொண்டுவர வேண்டாம் என்று நாத்தனார் மகள் சொல்லியிருந்தாள். அதில் பிறந்த தேதி இருக்கிறதாம்.

ஒரு சின்ன ஜன்னல். உள்ளே ஒருத்தர் தடித்த ரெஜிஸ்டரை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எங்களுக்கு முன்னே நாலு பெண்பிள்ளைகள், ஒவ்வொருத்திக்கும் ஒரு அம்மாவோ அப்பாவோ. எல்லாரிடமும் ஒரே கேள்விதான். கேட்டுக்கொண்டே நின்றேன். எங்கள் முறை வந்தது. பேர் எழுதினார், ஊர் எழுதினார்.

‘பொண்ணுக்குப் பதினெட்டு முடிஞ்சிடுச்சு இல்ல, பெரியவரே?’

இந்தத் தடவை கேள்வி எனக்குச் சரியாகக் காதில் விழுந்தது.

‘முடிஞ்சிடுச்சு சார். போன ஐப்பசியோட முடிஞ்சிடுச்சு’ என்றேன். ஐப்பசியை அவர் கேட்கவில்லை. நானாகவே சேர்த்தேன், நம்பிக்கையாக இருக்கட்டும் என்று. குரல்கூட நடுங்கவில்லை. அவர் தலை தூக்காமல் எழுதிக்கொண்டார். நாளையிலிருந்து வரச் சொன்னார்.

வெளியே வெயில். பஸ் ஸ்டாப்பில் பத்தாவதுப் பெண்கள் நாலைந்து பேர் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு ஒருத்தியை ஒருத்தி கேள்வி கேட்டுக்கொண்டு நின்றார்கள். வேறு பள்ளிக்கூடம். பரீட்சை கிட்டத்தில் வந்துவிட்டது போலிருக்கிறது. ஜெசிந்தா அவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். கொஞ்ச நேரம் கழித்து என் பக்கம் திரும்பி லேசாகச் சிரித்தாள்.

‘நல்லா சொன்ன தாத்தா’ என்றாள்.

ஏழு மாசத்துக்கு அப்புறம் தாத்தா என்று கூப்பிட்டாள். பஸ் வந்தது. ஏறிக்கொண்டோம்.